நாலு ஊசியா, ரெண்டு ஊசியா? டைப் 1 வந்த வீட்டில் பணத்தை எதில் போடுவது

பிள்ளைக்கு டைப் 1 சர்க்கரை என்று தெரிந்து, டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்பிய பெற்றோர் என்னிடம் கேட்பது அநேகமாகக் கருவிகளைப் பற்றித்தான். இன்சுலின் பேனா வாங்கலாமா? இன்சுலினைக் குழாய் வழியாகத் தானே செலுத்தும் பம்ப் வைத்துவிட்டால் ஊசியே வேண்டாமாமே? கையில் ஒட்டுகிற, சுகர் காட்டும் சென்சார் வாங்கிவிடலாமா? நான் மருத்துவம் படித்த ஆள் இல்லை. பள்ளிக்கூட வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஆள், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எந்தெந்த இன்சுலின் என்பதைத்தான். கருவியெல்லாம் அதற்குப் பிறகு. மாதச் சம்பளத்தில் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் வீடுகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பணம் ஒரு பொருட்டே இல்லை என்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

ஒப்பிடத் தொடங்கும் முன், பட்டியலில் இருந்து ஒன்றை அடித்துவிட வேண்டும். "உங்க மாமாவுக்கும் சுகர்தான், மாத்திரையிலேயே ஓட்டுறார், பச்சப் புள்ளைக்கு எதுக்கும்மா ஊசி?" என்று ஒருவராவது வந்து சொல்லாத வீடு இல்லை. கூடவே சிறுகுறிஞ்சான் பொடி, ஆவாரம்பூக் கஷாயம் என்று யோசனைகளும் வரும். மாமாவுக்கு இருப்பது டைப் 2. அவர் உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, அது சரியாக வேலை செய்யவில்லை. டைப் 1 பிள்ளையின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிட்டது. இல்லாத இன்சுலினை எந்தப் பொடியும் சுரக்க வைக்காது. 1922 ஜனவரியில் கனடாவின் டொரொன்டோ நகரில் லெனர்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தும்வரை, இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில மாதம் கூடுதலாக உயிரோடு வைத்திருப்பதுதான் உலகத்தின் சிறந்த சிகிச்சையாக இருந்தது. அந்தச் சிறுவன் அதற்குப் பிறகு 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

தொடங்கிய சில வாரங்களில் இன்சுலின் தேவை மளமளவென்று குறைவதும் உண்டு. மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் கொஞ்ச காலம் தலைதூக்குவதால் வரும் நிலை அது, தேனிலவுக் காலம் என்பார்கள். சரியாக அந்த நேரத்தில் கஷாயம் குடித்திருந்தால் பெயர் கஷாயத்துக்குப் போய்விடும். ஊசியை நிறுத்தினால் வாந்தி, வயிற்றுவலி, பழ வாடை வீசும் மூச்சு, மேல்மூச்சு என்று ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி மறுபடி ஐசியுவில்தான் போய் நிற்கும்.

ரெண்டு வேளை மிக்ஸ்

நம் ஊரில் நிறையப் பிள்ளைகள் காலை ஒன்று, இரவு ஒன்று என்று 30/70 கலவை இன்சுலினில்தான் தொடங்குகிறார்கள். வெள்ளையாகக் கலங்கி இருக்கும், உருட்டிவிட்டுப் போடும் அந்தக் குப்பி. அதில் 30 பங்கு ரெகுலர், 70 பங்கு என்பிஹெச். காலையில் போட்டால் ரெகுலர் பங்கு காலை இட்லியைப் பார்த்துக்கொள்ளும், என்பிஹெச் பங்கு மெதுவாக ஏறி மதியச் சோற்றைப் பார்த்துக்கொள்ளும். இரவு ஊசி அதே மாதிரி இரவுச் சாப்பாட்டையும் விடியும்வரையான நேரத்தையும் கவனிக்கும். கேட்க அழகான ஏற்பாடு. பள்ளிக்கூடத்தில் ஊசி போட வேண்டாம், ஒரே குப்பி போதும், அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும்.

சிக்கல் என்னவென்றால், காலை ஏழரைக்கே மதியச் சாப்பாட்டுக்கான இன்சுலினை உள்ளே அனுப்பியாகிவிட்டது. இனி அந்தச் சோறு நேரத்துக்கு வந்தே ஆக வேண்டும், வழக்கமான அளவில் வந்தாக வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி ஒரு மணி நேரம் தள்ளிப் போனாலோ, மதியத்துக்கு முன் பி.டி. வகுப்பில் பிள்ளை ஓடினாலோ, சுகர் இறங்கிவிடும். சரி, மதியத்துக்கு மட்டும் குறைக்கலாம் என்றால் முடியாது. 70-ஐத் தொட்டால் 30-ம் கூடவே அசையும். இரவுக் கணக்கு இன்னும் மோசம். எட்டு மணிக்குப் போட்ட ஊசியில் இருக்கும் என்பிஹெச், நான்கு மணி நேரத்துக்குப் பிறகுதான் உச்சத்துக்கு வரத் தொடங்கும். அதாவது நடுநிசியிலிருந்து அதிகாலை வரை, வீடே தூங்கும்போது. அந்த நேரம் லோ ஆகிறது, அதாவது சுகர் அளவுக்கு மீறி இறங்குகிறது என்று இரவு ஊசியைக் குறைத்தால், காலையில் சுகர் 280 காட்டும். இப்படி ஆண்டுக்கணக்கில் "இரவு குறை, காலை கூட்டு" என்று அல்லாடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தப்பில்லை, குப்பிக்குள் இருக்கும் விகிதம் அப்படி.

காய்ச்சல், வாந்தி வந்தால் இந்த ஏற்பாடு கையை விரித்துவிடும். பிள்ளை ஒன்றும் சாப்பிடவில்லை, ஆனாலும் இன்சுலினை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கீட்டோன். கலவையில் எதை நிறுத்துவது, எதைக் கொடுப்பது?

நாலு வேளை

மூன்று சாப்பாட்டுக்கு மூன்று ஊசி, படுக்கும்போது நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசி ஒன்று. அடிப்படைத் தேவைக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி. மதியம் பந்தி தாமதமானால் மதிய ஊசியும் தாமதமாகும், அவ்வளவுதான். இன்று ரெண்டு தோசை, நாளை நாலு தோசை என்றால் அளவை மாற்றிக்கொள்ளலாம். வாந்தி வந்த நாளில் நீண்ட நேர ஊசி தொடரும். சாப்பாட்டு ஊசியை உள்ளே போனதைப் பொறுத்தும், சுகர், கீட்டோன் காட்டுவதைப் பொறுத்தும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். லீவு நாளில் காலை ஒன்பது மணிவரை தூங்கக்கூட முடியும். பதின்ம வயதுப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

விலையும் உண்டு. தினம் நாலு குத்து, குறைந்தது நாலு முறை சுகர் பார்க்க வேண்டும், தட்டில் எவ்வளவு மாவுச்சத்து என்று கணக்குப் போடப் பழக வேண்டும். ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் என்று தொடங்கி, நம் வீட்டு இட்லி, நம் வீட்டு டம்ளர் என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும். சமையல் செய்பவருக்கு ரெண்டு மூன்று மாதத்தில் கண் பழகிவிடும்.

இந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து 1983 முதல் 1993 வரை டிசிசிடி என்ற ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு ஒன்றிரண்டு ஊசி என்ற அந்தக் காலத்து வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு மூன்றுக்குக் குறையாத ஊசிகள் அல்லது பம்ப், கூடவே அடிக்கடி சுகர் பார்ப்பது. இரண்டாம் பிரிவில், முன்பு கண் பாதிப்பு இல்லாதவர்களுக்கு விழித்திரை பாதிப்பு வருவது 76 சதவீதம் குறைந்தது. நரம்பு பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது, சிறுநீரக பாதிப்பும் கணிசமாகக் குறைந்தது. மறைக்காமல் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு: கடுமையான லோ அந்தப் பிரிவில் சுமார் மூன்று மடங்கு.

நான் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் இந்த ஆய்வு நடந்த ஆண்டுகளில் இருக்கிறது. இன்சுலினின் அமைப்பைச் சற்று மாற்றிச் செய்யும் புதிய வகைக்கு அனலாக் என்று பெயர். முதல் அனலாக் இன்சுலின் சந்தைக்கு வந்ததே 1996-இல்தான். அப்படியென்றால், இன்று நம் அரசு மருத்துவமனை தரும் ரெகுலர், என்பிஹெச் போன்ற பழைய இன்சுலின்களை வைத்தே, சென்சார் எதுவும் இல்லாமல், அந்தப் பலனை எடுத்திருக்கிறார்கள். ஆகவே "விலை கூடிய இன்சுலின் வாங்க முடியாது, அதனால் ரெண்டு வேளையே இருக்கட்டும்" என்பது சரியான காரணம் இல்லை. மூன்று வேளை ரெகுலர், படுக்கும்போது என்பிஹெச் என்று இலவச மருந்திலேயே நாலு வேளைக்கு மாறலாம். மருத்துவரிடம் இதை நேராகக் கேளுங்கள்.

ரெண்டு வேளை மிக்ஸ் யாருக்குப் பொருந்தும்? அப்பா, அம்மா ரெண்டு பேரும் வெளியூரில் வேலை, கண் மங்கிய ஆச்சிதான் பிள்ளையைப் பார்க்கிறார், சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்புக்குக் காசில்லை என்ற வீட்டில், ஊசியே விட்டுப் போவதைவிட மிக்ஸ் மேல். ஆனால் அதைத் தற்காலிக ஏற்பாடாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய இன்சுலினா, அனலாக்கா

நாலு வேளை என்று முடிவான பிறகுதான் இந்தக் கேள்விக்கு அர்த்தம் வருகிறது. இங்கே என் பதில் சாப்பாட்டு ஊசிக்கு ஒன்று, இரவு ஊசிக்கு ஒன்று.

இரவு ஊசிக்கு முதலில் காசு போடுங்கள். என்பிஹெச்சுக்கு உச்சம் உண்டு, அது அதிகாலையில் வந்து விழும். நீண்ட நேர அனலாக்கான கிளார்ஜின் ஏறக்குறைய 24 மணி நேரம் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓடும், இரவு லோ குறையும். டெக்லுடெக் அதைவிட நீளம், 42 மணி நேரத்தையும் தாண்டும், ஆனால் விலையும் ஒரு படி மேலே. உலக சுகாதார நிறுவனம் நீண்ட நேர அனலாக்குகளை 2021-இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது, இந்தியா 2022-இல் கிளார்ஜினைத் தன் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டுக் கம்பெனிகளே அதைத் தயாரிக்கின்றன. பிள்ளை லோ ஆகிவிடுமோ என்று ராத்திரி எழுந்து எழுந்து பார்க்கும் அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கத் தகுந்த முதல் பொருள் கிளார்ஜின் என்றே சொல்வேன்.

சாப்பாட்டு ஊசியில் அவ்வளவு அவசரம் இல்லை. ரெகுலரைச் சாப்பிட அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், ஆறு முதல் எட்டு மணி நேரம் நிற்கும். அஸ்பார்ட், லிஸ்ப்ரோ போன்ற வேக அனலாக்குகளைப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் போட்டால் போதும், மூன்று நான்கு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அனலாக்தான் வசதி, சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டில் சமையல் நேரம் நம் கையில் இருப்பதால் அந்த அரை மணி நேரத்தைக் காப்பாற்ற முடியும். நெய் ஊற்றிய பொங்கல், பரோட்டா சால்னா மாதிரி கொழுப்பு சேர்ந்த சாப்பாடு மெதுவாகத்தான் சுகரை ஏற்றும். அதற்கு ரெகுலரின் நிதானம் சில நாள் ஒத்தும் போகும்.

ரெண்டு இடத்தில் மட்டும் வேக இன்சுலினுக்குக் காசு கொடுக்கலாம். ஒன்று, மூன்று நான்கு வயதுக் குழந்தை. ஊசி போட்ட பிறகு "வேணாம்" என்று வாயை மூடிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? வேக இன்சுலினைச் சாப்பிட்டு முடித்த உடனே, உள்ளே போனதைப் பார்த்துக்கூடப் போடலாம். ரெண்டாவது, பள்ளிக்கூடத்து மதிய ஊசி. பன்னிரண்டரைக்கு மணி அடித்துச் சாப்பாடு என்றால், ரெகுலரைப் பன்னிரண்டு மணிக்கு, கணக்கு வகுப்பின் நடுவில் எழுந்து போய்ப் போட வேண்டும். எந்தப் பிள்ளையும் செய்யாது. மற்ற வேளைகளுக்கு ரெகுலர், மதியத்துக்கு மட்டும் வேக இன்சுலின் உள்ள பேனா ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இது ரெகுலர், இது வேகமானது என்று பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். சிபிஎஸ்இ 2017-இலிருந்து டைப் 1 பிள்ளைகள் தேர்வு அறைக்குள் தின்பண்டம் எடுத்துப்போக அனுமதிக்கிறது. அந்த உத்தரவின் நகல் ஒன்றை வைத்திருந்தால் வேறு பள்ளிகளில் பேசும்போதும் உதவும்.

சிரிஞ்சா, பேனாவா

இதற்கு இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே போவது இன்சுலின்தான். பேனாவுக்கு ஊசி 4 மி.மீ., வலி குறைவு, பையில் போட்டுக்கொள்ளலாம், சின்னக் குழந்தைக்கு அரை யூனிட் வைக்கும் பேனாவும் இருக்கிறது. சிரிஞ்சு மலிவு, ரெகுலரையும் என்பிஹெச்சையும் ஒரே சிரிஞ்சில் சேர்த்துப் போடலாம் (தெளிவானதை முதலில் இழுக்க வேண்டும், கலங்கலானதை அப்புறம்). கிளார்ஜின், டெக்லுடெக் இரண்டையும் எதோடும் கலக்கக் கூடாது. வீட்டில் சிரிஞ்சு, பள்ளிக்குப் பேனா என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு ஆபத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். இந்தியாவில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மி.லி.க்கு 100 யூனிட். பேனா பழுதாகிவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால், 10 என்று நினைத்து 25 யூனிட் போட்டிருப்பீர்கள். 100 யூனிட் சிரிஞ்சு ஆரஞ்சு மூடியோடு தனியாக வரும்.

ஸ்ட்ரிப்பா, சென்சாரா

பணம் உண்மையில் எங்கே போகிறது என்று பாருங்கள். நாளைக்கு 40 யூனிட் தேவைப்படும் பிள்ளைக்கு மாதம் 1,200 யூனிட். 400 யூனிட் குப்பி மூன்று. கடையில் வாங்கினாலும் ரெகுலர், என்பிஹெச் போன்ற சாதாரண ஹியூமன் இன்சுலின் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் நாளைக்கு நாலு என்றால் மாதம் 120. ஒன்று இருபது ரூபாய் என்று வைத்தாலே 2,400 ரூபாய். இன்சுலினைவிட ஸ்ட்ரிப்தான் குடும்பத்தைக் கடிக்கிறது. ஊசி இலவசமாகக் கிடைக்கும் வீட்டிலும் ஸ்ட்ரிப் பெரும்பாலும் கைக்காசு. அதனால்தான் "தெம்பா இருக்கான், இன்னிக்குப் பார்க்க வேணாம்" என்ற பழக்கம் வந்துவிடுகிறது. பார்க்காமல் போடும் நாலு ஊசி, கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது போலத்தான். பேனாவுக்கு வைத்திருக்கும் பணத்தை ஸ்ட்ரிப்புக்கு மாற்றுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

தோளில் ஒட்டும் சென்சார் 14 நாள் வரும், மாதத்துக்கு ரெண்டு வேண்டும். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில். மாதாமாதம் முடிந்தால் மிக நல்லது, அதிலும் லோ ஆவதே தெரியாத பிள்ளைக்கு, அலாரம் அடிக்கும் சென்சார் உயிர் காக்கும். முடியாதவர்கள் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை ஒன்று ஒட்டிப் படம் பார்க்கலாம். அந்த ரெண்டு வாரம் வேண்டுமென்றே எல்லாவற்றையும் சாப்பிட வையுங்கள். அடைக்கு எவ்வளவு ஏறுகிறது, ராத்திரி மூன்று மணிக்கு என்ன நடக்கிறது, கிரிக்கெட் ஆடினால் எத்தனை மணி நேரம் கழித்து இறங்குகிறது என்றெல்லாம் எழுதி வைத்தால், அடுத்த சில மாதத்துக்கு ஸ்ட்ரிப்பை எந்த நேரத்தில் செலவழிப்பது என்று தெரிந்துவிடும். சென்சார் காட்டுவது தோலுக்கடியில் உள்ள திரவத்தின் சர்க்கரை. ரத்தத்துக்குச் சில நிமிடம் பின்தங்கி வரும். உடம்பு படபடக்கிறது, சென்சார் 110 என்கிறது என்றால் விரலில் குத்திப் பாருங்கள். லோ என்றால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும்.

பம்ப், பொடி இன்சுலின், மண்பானை

பம்ப் ஊசியை ஒழித்துவிடும் என்பது பாதி உண்மை. ரெண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை குழாயை மாற்றிக் குத்த வேண்டும். இயந்திரத்துக்கு லட்சங்கள், அதற்கு மேல் மாதச் செலவு தனி. அதில் வேக இன்சுலின் மட்டும்தான் ஓடும். குழாய் அடைத்துக்கொண்டால் உடம்பில் நீண்ட நேர இன்சுலின் கையிருப்பு கிடையாது, சில மணி நேரத்திலேயே கீட்டோன் ஏறத் தொடங்கும். சென்சாரோடு பேசித் தானே அளவை மாற்றும் புதிய பம்புகள் அருமையானவை, பொய் சொல்ல மாட்டேன். மாதச் செலவை ஐந்து வருடம் தொடர்ந்து தாங்க முடியுமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். கடன் வாங்கி இயந்திரத்தை வாங்கிவிட்டு, குழாய்க்குக் காசில்லாமல் அலமாரியில் வைத்த வீடுகள் உண்டு.

வாயால் இழுக்கும் பொடி இன்சுலின் அமெரிக்காவில் 2014-இலேயே அனுமதி பெற்றது. அப்போது அனுமதி பெரியவர்களுக்கு மட்டும்தான். டைப் 1 என்றால் நீண்ட நேர ஊசி எப்படியும் கூடவே வேண்டும். இப்போதைக்குப் பிள்ளைகளின் கணக்கில் வராது.

ஃப்ரிட்ஜ் இல்லையே என்று தயங்குபவர்களுக்கு ஒரு நல்ல சேதி. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனிவா பல்கலைக்கழகமும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் நாலு வாரம் வைத்த இன்சுலின், குளிர்பெட்டியில் வைத்ததைப் போலவே வீரியத்தோடு இருந்தது. கென்ய அகதி முகாம் வீடுகளின் வெப்பத்தை அளந்து செய்த ஆய்வு அது. பயன்படுத்தும் குப்பியை ஈரமணலில் வைத்த மண்பானைக்குள், தண்ணீர் படாமல் டப்பாவில் போட்டு வைக்கலாம். வெயிலில் நிறுத்திய பைக்கின் பெட்டிக்குள் மட்டும் வேண்டாம். ஃப்ரீசரில் உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

எந்த வரிசையில்

மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மட்டுமே ஒதுக்க முடியும் என்றால்: அரசு மருத்துவமனை இன்சுலின், சிவப்பு மூடி சிரிஞ்சு, நாலு வேளை, மிச்சம் அத்தனையும் ஸ்ட்ரிப். இன்னும் கொஞ்சம் கூடினால் இரவுக்குக் கிளார்ஜின். அதற்கு மேல் மதியத்துக்கு வேக இன்சுலின் பேனா. அதற்கு மேல் அவ்வப்போது சென்சார், பிறகு மாதாமாதம் சென்சார். பம்ப் கடைசி. கோவையில் இதயங்கள் அறக்கட்டளை மாதிரி டைப் 1 பிள்ளைகளுக்கென்றே வேலை செய்யும் இடங்கள் இருக்கின்றன. கூச்சப்படாமல் விசாரியுங்கள், இந்த வரிசையில் ஒன்றிரண்டு படி சீக்கிரமே ஏற முடியலாம்.

மிக்ஸிலிருந்து நாலு வேளைக்கு மாறுவதாக இருந்தால் மே மாத விடுமுறை நல்ல நேரம். அளவை நீங்களே பிரித்துப் போடாமல் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மிக்ஸில் போட்ட மொத்த யூனிட் அப்படியே தேவைப்படாமல் போகலாம். முதல் வாரம் ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து ஒரு ஸ்ட்ரிப் செலவழியுங்கள். எண், சாப்பிட்டது, போட்டது மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த விசிட்டுக்குப் போனால், மருத்துவர் உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்விக்கு அந்த நோட்டையே நீட்டலாம்.